மூன்றேகால் மணிக்குப் பிறகு

(எமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் ஆற்றிய உரை. அன்று வரமுடியாமற்போன அங்கத்தவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க, இலண்டனில் வெளிவரும் இந்தப் புத்தாண்டு மலரில் பிரசுரிக்கிறோம். - மலர்க்குழு)



பொருளாளர் எழும்பினால் சபையில் பாதிப்பேர் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவினம். அது எனக்குத் தெரியும். இன்றைக்கு மட்டும் கொஞ்ச நேரம் இருந்து கேளுங்கோ. ஏனென்றால் இன்றைக்கு நான் கதைக்கப்போவது போன வருடத்துக் கணக்கு அல்ல. வரப்போகிற வருடத்தில் உங்களுடைய காசை என்ன செய்யப்போகிறோம் என்பது பற்றி.

ஊரில் வருடம் பிறந்தால் பெரியவர்களிடம் கைவிசேஷம் வாங்குவோம். அம்மம்மா வெற்றிலையில் வைத்து ஒரு ரூபாய்க் குற்றி தருவா. "இதை உடனே செலவழியாதை, வைச்சிரு, பெருகும்" என்பா. நாங்கள் அன்று பின்னேரமே போய் ஐஸ்பழம் வாங்கிக் குடித்துவிடுவோம். இன்றைக்கு எங்களுடைய சங்கத்தின் கையிலும் ஒரு கைவிசேஷம் இருக்கிறது. இத்தனை வருடமாக நீங்கள் சந்தாவாக, கலைவிழா ரிக்கற்றாக, அச்சுவேட்டு விளம்பரமாகத் தந்த காசு. செலவுகள் போக, பொதுநிதியில் 52,000 பவுண் மிஞ்சி இருக்கிறது. இதை வைத்திருந்தால் பெருகுமா, அல்லது ஒரு வேலைக்குப் போட்டால் பெருகுமா என்பதுதான் கேள்வி.

நிர்வாகசபைக்கு ஆறு தாய்மார் சேர்ந்து ஒரு கடிதம் தந்திருக்கிறார்கள். விசேட தேவையுடைய எங்கள் பிள்ளைகளுக்கு, பாடசாலை விட்ட பிறகு பின்னேரத்தில் ஒரு பராமரிப்பு நிலையத்தைச் சங்கம் தொடங்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. கடிதம் ஒரே ஒரு பக்கம்தான். அதில் ஒரு தாய் எழுதிய வசனத்தை அவவின் அனுமதியோடு சொல்லுகிறேன்: "மற்றத் தாய்மாருக்குப் பள்ளிக்கூடம் மூன்றேகாலுக்கு விடும். எனக்கு மூன்றேகாலுக்குத்தான் பள்ளிக்கூடம் தொடங்கும்."

அந்த வசனத்தை விளங்காத ஆக்களுக்காகச் சொல்லுகிறேன். ஓட்டிசம் உள்ள ஒன்பது வயதுப் பிள்ளை வீட்டுக்கு வந்தால், அந்தத் தாய் கதவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். பிள்ளை ரோட்டுக்கு ஓடிவிடும். சமைக்க முடியாது, குளிக்க முடியாது, போன் எடுக்க முடியாது. வேலைக்குப் போவதைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். சாதாரணப் பிள்ளைகளுக்கு ரியூஷன் இருக்கிறது, பரதநாட்டியம் இருக்கிறது, மிருதங்கம் இருக்கிறது. எங்கள் தமிழ்ப் பாடசாலையிலேயே, உண்மையைச் சொன்னால், இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கதிரை போட்டு வைத்தோமா? இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்லுகிறது என்று முதலில் பார்ப்போம். ஏனென்றால் "இது கவுன்சில் செய்ய வேண்டிய வேலை, நாங்கள் ஏன் காசு போட வேண்டும்" என்று கேட்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அது நியாயமான கேள்வி.

இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டின் பிள்ளைப் பராமரிப்புச் சட்டப்படி, வேலை செய்யும் பெற்றோருக்குப் போதிய பராமரிப்பு இடங்கள் தங்கள் பகுதியில் இருப்பதற்கு, நடைமுறையில் முடிந்த அளவுக்கு, கவுன்சில் வழிசெய்ய வேண்டும். ஊனமுற்ற பிள்ளை என்றால் அந்தக் கடமை 18 வயது வரை நீளுகிறது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, எந்தப் பின்னேர கிளப்பும் "இந்தப் பிள்ளைக்கு ஊனம்" என்ற காரணத்துக்காகத் தட்டிக்கழிக்க முடியாது. நியாயமான மாற்றங்களைச் செய்து பிள்ளையைச் சேர்க்கப் பார்க்க வேண்டும். 1989ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவில், ஊனமுற்ற பிள்ளை உதவி தேவைப்படும் பிள்ளையாகவே கணிக்கப்படுகிறது. வீட்டுக்கு வந்து தேவையை மதிப்பிடும்படி நீங்கள் கேட்கலாம்.

எழுத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "நடைமுறையில் முடிந்த அளவுக்கு" என்ற அந்தச் சொல்லுக்குள் எத்தனை தாய்மார் விழுந்து கிடக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. "பெயரைப் பதிந்திருக்கிறோம்" என்று கடிதம் வரும். பிறகு ஒன்றும் வராது.

இன்னொன்றையும் நாங்கள் மறக்கக் கூடாது. இந்த நாட்டிலும் இந்த உரிமைகள் வானத்திலிருந்து விழவில்லை. 1970ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 1971இல் நடைமுறைக்கு வரும் வரைக்கும், கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளைப் "படிப்பிக்க முடியாதவர்கள்" என்று பாடசாலைக்கு வெளியே வைத்திருந்த நாடுதான் இது. அதை மாற்றியவர்களில் பெற்றோருக்குப் பெரிய பங்கு உண்டு. 1946இல் ஜூடி ஃப்ரைட் என்ற ஒரு தாய் தொடங்கிய பெற்றோர் சங்கம்தான் இன்றைக்கு மென்காப் என்ற பெரிய நிறுவனம். 1962இல் ஒரு சில பெற்றோர் கூடி ஓட்டிசம் பிள்ளைகளுக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். மூன்று வருடத்தில், 1965இல், ஈலிங்கில் ஒரு பாடசாலையே திறந்துவிட்டார்கள். அவர்களும் எங்களைப்போல ஹோலில் கதிரை அடுக்கித்தான் கூட்டம் வைத்திருப்பார்கள்.

எங்களுடைய ஊரிலும் ஆக்கள் சும்மா இருக்கவில்லை. கைதடி நுபீல்ட் பாடசாலை காதுகேளாத, கண்பார்வையற்ற எத்தனையோ பிள்ளைகளை வளர்த்துவிட்டது. கோண்டாவிலில் சிவபூமி பாடசாலை மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பார்க்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஆசை வேறு, கணக்கு வேறு. இனிக் கணக்குக்கு வருவோம்.

தாய்மார் கேட்டது: கிழமையில் ஐந்து நாளும், எட்டுப் பிள்ளைகளுக்கு, மூன்றேகாலில் இருந்து ஆறேகால் வரை. இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு ஆள் நின்று எட்டுப் பேரைப் பார்க்க முடியாது. நாலு உதவியாளர், ஒரு பொறுப்பாளர் என்று ஐந்து பேர் வேண்டும். ஆயத்தப்படுத்தவும் துப்புரவாக்கவும் சேர்த்து ஆளுக்கு நாலு மணித்தியாலம். பாடசாலை நாட்கள் வருடத்தில் 190. உதவியாளருக்கு 2025 ஏப்ரலில் நிர்ணயித்த ஆகக்குறைந்த சம்பளமாகிய 12 பவுண் 21 பென்ஸும், பொறுப்பாளருக்கு 16 பவுணும் என்று வைத்தேன். விடுமுறைச் சம்பளத்தையும் சேர்த்தால் சம்பளம் மட்டும் 55,000 பவுணைத் தாண்டுகிறது. முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்புறுதியில், தர்ம ஸ்தாபனங்களும் பெறக்கூடிய சலுகை 10,500 பவுண் வரை இருப்பதால் அதில் தப்புகிறோம். மண்டப வாடகை, காப்புறுதி, பயிற்சி, சாப்பாடு, விளையாட்டுச் சாமான் என்று 11,000 போட்டேன். மொத்தம் 66,000 சொச்சம். அதாவது ஒரு பிள்ளைக்கு ஒரு பின்னேரத்துக்கு 43 பவுண் 57 பென்ஸ்.

பெற்றோரிடம் 15 பவுண் வாங்கலாம் என்று வைப்போம். அதற்கு மேலே கேட்க எனக்கு மனம் வரவில்லை. எட்டுப் பிள்ளையும் ஒரு நாளும் தவறாமல் வந்தால் 22,800 பவுண் வரும். மிச்சம் 43,000 பவுணுக்கு மேலே சங்கம் போட வேண்டும். முதலாம் வருட முடிவில் எங்கள் பொதுநிதியில் 9,000 கூட இராது. இரண்டாம் வருடம் தையில் கதவைப் பூட்ட வேண்டி வரும். தொடங்காமல் விட்டதைவிட, தொடங்கி, பிள்ளையைப் பழக்கி, பிறகு பூட்டுவது பெரிய பாவம். மாற்றத்தைத் தாங்க முடியாத பிள்ளைகள் இவர்கள்.

"கட்டட நிதி இருக்குத்தானே, அதிலை கொஞ்சம் எடுப்பம்" என்று ஒரு நண்பர் கேட்டார். எடுக்க முடியாது. கட்டடத்துக்கு என்று சொல்லிச் சேர்த்த காசைக் கட்டடத்துக்குத்தான் பாவிக்க வேண்டும். தந்தவர்கள் அதை நம்பித்தான் தந்தார்கள். சரிற்றி சட்டமும் அதைத்தான் சொல்லுகிறது. நல்ல வேலைக்கு என்றாலும் நான் அந்தப் பெட்டியில் கை வைக்க மாட்டேன். "ஆளுக்குக் கொஞ்சம் கடன் எடுப்பம், சீட்டுப் பிடிப்பம்" என்ற யோசனையும் வந்தது. அதுவும் வேண்டாம். சீட்டால் உடைந்த சிநேகிதங்கள் இந்தச் சபையிலேயே இருக்கின்றன.

ஆகவே ஐந்து நாள் திட்டத்தை நான் பொருளாளர் என்ற முறையில் ஆதரிக்க முடியாது. அந்தத் தாய்மாரின் முகத்தைப் பார்த்துத்தான் இதைச் சொல்லுகிறேன்.

ஆனால் இதோடு பேப்பரை மடித்து வைத்துவிட்டு நான் இருக்கப்போவதில்லை. ஏன் என்று சொல்லுகிறேன். இதை நான் இந்த மேடையில் ஒருநாளும் சொன்னதில்லை.

எனக்கு இரண்டு தங்கச்சிமார். உங்களில் பலருக்கு ஒருத்தியைத்தான் தெரியும். இளையவள் பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியவள். வீட்டுக்கு ஆக்கள் வந்தால் அவளை உள் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவோம். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் "சகோதரங்கள் எத்தனை பேர்" என்று கேட்டபோது, "ஒரு தங்கச்சி" என்று சொன்னவன் நான். பத்து வயதில் சொன்ன பொய். இன்றைக்கும் சுடுகிறது.

அவளைப் பார்த்தது அம்மா ஒராள்தான். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது, ஒரு பையையும் எடுக்காமல், இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டு அம்மா நாவற்குழிப் பாலம் கடந்தா. அப்போது நான் இலண்டனில் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. காசு அனுப்பினேன். காசுதான் அனுப்பினேன். அம்மா போன பிறகு, அவளை விளங்கிக்கொள்ள உலகத்தில் இன்னொரு ஆள் இருக்கவில்லை. எப்போது பசிக்கும், எதற்குப் பயப்படுவாள், எந்தச் சத்தம் போட்டால் வயிற்றுக்குத்து, ஒன்றும் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு வருடத்தில் அவளும் போய்விட்டாள்.

ஒரு பிள்ளையைத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒராள்தான் என்றால், அந்தப் பிள்ளையின் உயிர் ஒரு நூலில் தொங்குகிறது. பின்னேரப் பராமரிப்பு என்பது தாய்க்கு மூன்று மணித்தியால ஓய்வு மட்டும் அல்ல. அந்தப் பிள்ளையைத் தெரிந்த இன்னும் நாலு பேரை உண்டாக்குவது. இதை நான் எந்தக் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

ஆகவே நான் இன்னொரு கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். கிழமையில் இரண்டு நாள். செவ்வாயும் வியாழனும். ஆறு பிள்ளைகள். மூன்று உதவியாளர், ஒரு பொறுப்பாளர். வருடத்தில் 76 பின்னேரம். சம்பளம் 18,000க்குச் சற்றுக் குறைவு. மற்றச் செலவு 6,000. பெற்றோர் தருவது 6,840. சங்கம் போட வேண்டியது சுமார் 17,100. ஆரம்பச் செலவு 2,500 சேர்த்தால் 19,600 வரும். எல்லை 20,000 பவுண். ஆகக்குறைந்த சம்பளம் ஒவ்வொரு ஏப்ரலிலும் கூடுவதால் தொடங்கும்போது மணித்தியாலத்தைச் சரிபார்க்க வேண்டும், எல்லையைக் கூட்டக்கூடாது.

இதில் திரும்ப வருவது என்ன? ஒரு தாய் அந்த இரண்டு நாளும் நாலு நாலு மணித்தியாலம் வேலை செய்தால், அதே ஆகக்குறைந்த சம்பளத்தில் வருடத்துக்கு 3,700 பவுணுக்குச் சற்று மேலே உழைப்பா. ஆறு தாய்மாரும் உழைத்தால் 22,000க்கு மேலே. நாங்கள் போடுவதைவிட அது கூட. அந்தக் காசு சங்கத்துக்கு வராது, வீடுகளுக்குப் போகும். சங்கம் என்று ஒன்றை நாங்கள் தொடங்கியது அதுக்குத்தானே?

இங்கே ஒரு எச்சரிக்கை. கெயரர்ஸ் அலவன்ஸ் எடுக்கிற தாய்மார், கிழமை உழைப்பு எல்லையைக் கவனிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் அது 196 பவுணாக இருந்தது. ஒரு பவுண் கூடினாலும் அந்தக் கிழமைக் காசு முழுவதும் போய்விடும். பிறகு திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். எட்டு மணித்தியால வேலை அந்த எல்லைக்குள் நிற்கிறது.

நாங்கள் ஒஃப்ஸ்ரெட்டில் பதிந்தால் பெற்றோரின் 15 பவுணிலும் அரசாங்கம் பங்கு தரும். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இரண்டு மணித்தியாலத்துக்கு மேலே பார்ப்பதென்றால் பதிவது கட்டாயம். வயது கூடிய பிள்ளைகளுக்கு அது விருப்பம். நாங்கள் இரண்டிலும் பதிய வேண்டும். பதிந்தால், வரியற்ற பிள்ளைப் பராமரிப்புத் திட்டத்தில் பெற்றோர் 8 பவுண் போட அரசாங்கம் 2 பவுண் போடும். சாதாரணப் பிள்ளைக்கு வருடத்துக்கு 2,000 வரை, ஊனமுற்ற பிள்ளைக்கு 4,000 வரை. அப்படியென்றால் 15 பவுணில் தாய் போடுவது 12. யூனிவேர்சல் கிரெடிற் எடுக்கிற, வேலை செய்யும் குடும்பங்களுக்கு, ஒரு உச்ச எல்லைக்குள், 85 வீதம் வரை திரும்பக் கிடைக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. எது நல்லது என்று குடும்பத்துக்குக் குடும்பம் பார்க்க வேண்டும். நான் இருந்து பார்த்துத் தருகிறேன்.

அகதி வழக்கு முடிவாகாத குடும்பங்களுக்கு இந்த உதவிகள் கிடையாது. ஆனால் பயப்படாதையுங்கோ. பிள்ளையின் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்துக்கு மதிப்பீடு கேட்க விசா பார்ப்பதில்லை. 17ஆம் பிரிவு உதவி தடைசெய்யப்பட்ட பொதுநிதிக்குள் அடங்காது. "கேட்டால் வழக்கைப் பாதிக்கும்" என்று யாரோ சொன்னதை நம்பி வருடக்கணக்காகக் கேட்காமல் இருந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். இந்த ஆறு இடத்தில் ஒன்றை அப்படி ஒரு குடும்பத்துக்கு இலவசமாக ஒதுக்க வேண்டும் என்பது என் விருப்பம். அந்த நட்டம் வருடத்துக்கு 1,140 பவுண். எல்லைக்கு மேலே போகிற அந்தப் பங்கை, கலைவிழாவில் ஒரு உண்டியல் வைத்துச் சேர்ப்போம்.

எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் "பொருளாளர் மறைத்துப்போட்டார்" என்று சொல்லக்கூடாது.

முதலாவது, ராக்சி. விசேட பாடசாலைப் பிள்ளைகள் பலரைக் கவுன்சில் ராக்சியோ மினிபஸ்ஸோதான் கொண்டுவந்து விடுகிறது. அது வீட்டுக்குத்தான் விடும். எங்களுடைய மண்டபத்தில் விட வேண்டும் என்ற கடமை அவர்களுக்கு இல்லை. இந்த ஒரு விஷயத்திலேயே திட்டம் கவிழலாம். ஆகவே ஆறு பிள்ளைகளுக்கும் ஒவ்வொருவராகக் கவுன்சிலிடம் எழுத்தில் பதில் வாங்கின பிறகுதான் ஒரு பவுணும் செலவழிக்க வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு. வலிப்பு வருகிற பிள்ளை, கதவைத் திறந்து ஓடுகிற பிள்ளை, மலசலகூடத்துக்கு உதவி வேண்டிய பிள்ளை. "எங்கடை ஆக்கள்தானே" என்று ஒருவரையும் சும்மா உள்ளே விட முடியாது. என் மனைவி என்றாலும் டி.பி.எஸ். சோதனை, முதலுதவிப் பயிற்சி, பிள்ளைப் பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் முடித்துத்தான் வர வேண்டும். நிர்வாகசபையில் இருப்பவர்களின் சொந்தக்காரருக்குச் சம்பள வேலை கொடுக்கக் கூடாது என்றும் எழுதி வைப்போம்.

மூன்றாவது, பாடசாலை விடுமுறை. வருடத்தில் 13 கிழமை. அந்த நாட்களில் இந்தத் தாய்மார் திரும்பவும் தனியத்தான். முதல் வருடத்தில் அதுக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

நாலாவது, ஏன் நாங்கள்? பக்கத்தில் உள்ள கிளப்பில் சட்டத்தைக் காட்டிச் சேர்க்கலாமே? சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். சேர்க்கக்கூடிய பிள்ளைகளுக்குச் சங்கம் கடிதம் எழுதி உதவ வேண்டும். அதுக்குச் செலவு முத்திரைக்காசுதான். ஆனால் சில பிள்ளைகளுக்குத் தெரிந்த பத்துச் சொல்லும் தமிழ்ச் சொல். "தண்ணி" என்று கேட்கிற பிள்ளைக்குத் தண்ணி கொடுக்க ஒரு ஆள் வேண்டும். "வீட்டில் தமிழைவிட்டு இங்கிலிஷ் மட்டும் கதையுங்கோ" என்று பல பெற்றோருக்கு ஆலோசனை சொல்லப்பட்டது. இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசம் பிள்ளைகளுக்குக் கெடுதி என்று ஆராய்ச்சிகள் காட்டவில்லை. தாய்க்கு வராத மொழியில் தாய் கதைத்தால், கதை குறையும். அம்மம்மாவோடு உறவே அறுந்துபோகும். இந்த இடத்தில்தான் எங்களால் செய்யக்கூடியதை வேறு ஒருவராலும் செய்ய முடியாது.

ஆகவே என் பிரேரணை இது. ஒரு வருடத்துக்கு, 20,000 பவுண் எல்லையோடு, பொதுநிதியில் இருந்து மட்டும், இரண்டு நாள் திட்டத்தைத் தொடங்குவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கைச் சுவரில் ஒட்டுவது. ஒன்பதாம் மாதத்தில், கவுன்சிலின் ஓய்வு உதவித் திட்டங்களிலும் லொத்தர் நிதி போன்ற இடங்களிலும் அடுத்த வருடத்துக்கான காசு உறுதியாகியதா என்று பார்ப்பது. ஆகவில்லையென்றால் ஒரு தவணைக்கு முன்னரே பெற்றோருக்குச் சொல்லி, பிள்ளைகளை மெல்ல மெல்ல வேறு இடத்துக்குப் பழக்கி, ஒழுங்காக நிறுத்துவது. பொதுநிதியில் 32,000 எப்படியும் இருக்கும். சங்கம் விழாது.

இன்றைக்கு வாக்கெடுப்பு இல்லை. சித்திரை முடிய விசேட பொதுக்கூட்டம் வைப்போம். அதுவரை வீட்டில் இருந்து கதையுங்கோ. "இல்லை" என்று கை உயர்த்தினாலும் நான் கோபிக்க மாட்டேன். உங்கள் காசு, உங்கள் உரிமை. ஆனால் வரும்போது ஒரு உதவி செய்யுங்கோ. உங்களில் யாருடைய வீட்டிலாவது உள் அறையில் ஒரு பிள்ளை இருந்தால், அன்றைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கோ. சத்தம் போட்டால் போடட்டும். கதிரை தட்டினால் தட்டட்டும். அந்தப் பிள்ளைக்கும் ஒரு கைவிசேஷம் என் கையால் கொடுக்க வேண்டும். எனக்கு இரண்டு தங்கச்சிமார் என்று இப்போது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.  றோல்ஸ் ஆறப்போகுது, போய்ச் சாப்பிடுங்கோ. வணக்கம்.